நடை வேறு, மேடை வேறு

கேள்வி:

எனக்கு 51 வயது. செங்கல்பட்டில் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போன வருடம் வலது மார்பில் கட்டி என்று தெரிந்தது. முதலில் கீமோ கொடுத்தார்கள். சிவப்பு மருந்து நான்கு முறை, அப்புறம் வாரா வாரம் பன்னிரண்டு ஊசி. டிசம்பரில் ஆபரேஷன் செய்து மார்பையும் அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். பிப்ரவரியில் 15 நாள் கரண்ட் வைத்தார்கள். இப்போது லெட்ரோசோல் என்கிற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை மட்டும்தான். ஜூனில் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அக்டோபர் கடைசி ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரையில் மார்பகப் புற்றுநோய்க்காக 5 கிலோமீட்டர் நடை இருக்கிறதாம். அவள் ஆபீஸிலிருந்து ஒரு கூட்டமே போகிறது. என்னைக் கேட்காமலே 600 ரூபாய் கட்டி என் பெயரையும் கொடுத்துவிட்டாள். நோயிலிருந்து மீண்டவர்களைக் கடைசியில் மேடை ஏற்றி மெடல் போடுவார்களாம்.

எனக்கு நடக்க ஆசைதான். ஆனால் சாயங்காலம் ஆனால் வலது கை கனக்கிறது. பாதம் இன்னும் மரத்த மாதிரியே இருக்கிறது. உள்ளே வைக்கிற செயற்கை மார்பு, நடந்தால் மேலே ஏறிவிடுகிறது. என் கணவரோ, “ஊருக்கெல்லாம் தெரியணுமா, அவளுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்கிறார். என்னால் முடியுமா? போகலாமா? இப்படி நடப்பதால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

— ஒரு டீச்சர், செங்கல்பட்டு

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தில் “நடக்க ஆசைதான்” என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாமே “ஆனால்”. பதினைந்து வருடமாகப் புற்றுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆசை என்ற சொல் எங்கள் அறையில் அபூர்வமாகத்தான் காதில் விழும். “செய்யலாமா, கூடாதா” என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே வருவார்கள். அதனால் உங்களுடைய அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

உங்களால் முடியும். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, அது போதும். அதற்கு முன் கையை அளக்க வேண்டும், பாதத்தைப் பார்க்க வேண்டும், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மேடை விஷயம் தனி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கை. கையின் திசுக்களில் ஊறுகிற நிணநீர் என்ற திரவம் உடம்புக்குத் திரும்புகிற வழி அக்குள் நெறிகள் வழியாகத்தான் போகிறது. நெறிகளை எடுத்ததும் மிச்சமிருக்கும் சின்னச் சின்ன வழிகள்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் சதை இறுகுவதால் அவையும் கொஞ்சம் குறுகிப்போகும். (எல்லாரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள், நானும் சொல்லிப் பழகிவிட்டேன். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கரண்ட் வைத்ததால் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடவே பயமாக இருக்கிறது என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னதிலிருந்து இதை எல்லாரிடமும் விளக்கிவிடுகிறேன்.) அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எப்போதாவது கை வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். உங்களுக்குச் சாயங்காலம் கனப்பது அதன் தொடக்கமாக இருக்கலாம். நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய அசதியாகவும் இருக்கலாம். அளந்தால் தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில் இந்த வீக்கத்தை முதலில் கண்டுபிடிப்பது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. ஜாக்கெட்தான் கண்டுபிடிக்கும். இரண்டு கையும் ஒரே அளவில் தைத்த ஜாக்கெட்டைக் கழற்றும்போது ஒரு கையில் மட்டும் தையல் தடம் பதிந்திருக்கும். இல்லையென்றால் தினமும் போடுகிற வளையல் சோப்பு இல்லாமல் ஏறாது. இரண்டில் ஒன்று இருந்தாலும் நடைக்குப் போகிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே ஒரு பிசியோவைப் பாருங்கள். பெரிய கருவி எதுவும் தேவையில்லை, தையல்காரர் டேப்தான். மணிக்கட்டிலிருந்து பத்து பத்து சென்டிமீட்டருக்குப் பேனாவால் கோடு போட்டு இரண்டு கையையும் சுற்றி அளப்போம். ஒரே இடத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீக்கம் என்று எடுத்துக்கொள்வோம். நீங்கள் வலது கையால் எழுதுகிறவர், அந்தக் கை இயல்பிலேயே சற்றுப் பருமனாக இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் அளவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

வீக்கம் இருப்பதாகத் தெரிந்தால், நடக்கும்போது போட்டுக்கொள்ள ஸ்லீவ் என்கிற இறுக்கமான கை உறை தருவார்கள். கடையில் மீடியம், லார்ஜ் என்று பார்த்து வாங்கிவிடாதீர்கள். மணிக்கட்டில் தளர்வாகவும் மேல்கையில் இறுக்கமாகவும் இருக்கிற உறை, ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி வேலை செய்யும். விரல்கள் வீங்கும். அளவு எடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், “அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது” என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வருடக்கணக்காக ஒரு குடம்கூடத் தொடாமல், தோள் இறுகிப்போய் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் பாதிப் பேருக்குப் படிப்படியாகப் பளு தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள், ஸ்லீவ் போட்டுக்கொண்டு. வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவது, பயிற்சி செய்யாதவர்களைவிட இவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகத்தான் இருந்தது. அதற்காக நாளைக்கே அறுபது நோட்டை ஒரே கட்டாக வலது கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டாம். அதில் ‘படிப்படியாக’ என்பதுதான் முக்கியம். இப்போதைக்கு நோட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து எடுத்துப் போங்கள். அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டை வைத்துத் தொடங்குவது எப்படி என்று உங்கள் பிசியோ காட்டித் தருவார்.

நடக்கும்போது கை தொங்கிக்கொண்டே இருந்தால் நல்ல கைக்கே விரல் உப்பும். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களைப் பத்துத் தடவை மூடித் திறங்கள். தண்ணீர் பாட்டில் இடது கையில். தோள்பை வேண்டாம். அங்கே போட்டிருக்கிற மருத்துவக் கூடாரத்தில் யாராவது ஆர்வமாக வந்து பிரஷர் பார்க்கிறேன் என்றால் இடது கையை நீட்டுங்கள்.

பாதத்துக்கு வருவோம். வாரா வாரம் பன்னிரண்டு என்று நீங்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் பாக்ளிடாக்செலாக இருக்கும். நரம்பு நுனிகளை மரத்துப்போகச் செய்வது அதன் குணம். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். மரத்த பாதத்தில் ஷூ கடிப்பது தெரியாது, கொப்புளம் உடைந்து சாக்ஸ் நனைந்த பிறகுதான் தெரியும். அதனால் நடைக்கென்று கடைசி வாரத்தில் புது ஷூ வாங்காதீர்கள். இப்போதே வாங்குங்கள், அதுவும் பாதம் சற்று உப்பியிருக்கிற சாயங்கால நேரத்தில். நடந்து வந்த ஒவ்வொரு நாளும் சாக்ஸைக் கழற்றி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் தினமும் பல் தேய்க்கிற நேரத்தில் அதையே பயிற்சியாகச் செய்யலாம். கடற்கரைக்குப் போனதும் எல்லாருக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கத் தோன்றும். நீங்கள் இறங்க வேண்டாம். கண்ணாடிச் சில்லு குத்தினால்கூட உங்களுக்கு உடனே தெரியாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான். சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்தும், அதனால் கடைசியாக எக்கோ என்கிற இதய ஸ்கேன் எப்போது எடுத்தார்கள், எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். லெட்ரோசோல் எலும்பின் வலுவைக் குறைக்கும், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். முதுகிலோ இடுப்பிலோ புதிதாக ஒரு வலி வந்து, இரவில் படுத்தாலும் விடாமல் இருந்தால் அதைச் சொல்லாமல் நடக்கத் தொடங்க வேண்டாம்.

இனி பயிற்சி. ஐந்து கிலோமீட்டர் என்றால் எவ்வளவு நேரம்? ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் என்று நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒன்றரை மணி. யாரும் உங்களைத் துரத்தப்போவதில்லை. முதல் வாரம் பள்ளி விட்டதும் மைதானத்திலேயே பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஏழாவது வாரத்தில் 45 நிமிடம் வந்துவிடும். அந்த வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். கடைசி வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கு அளவு, வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நடுவில் ஒரு நாள் தூக்கி அடித்த மாதிரி அசதி வரும். அன்று விட்டுவிடுங்கள். மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட வேண்டாம். மாணவர்கள் விட்டுப்போன வீட்டுப்பாடத்தை ஒரே ராத்திரியில் எழுதிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த எட்டு வாரம்தான் எனக்கு முக்கியம். ஞாயிற்றுக்கிழமை நடை அதற்கு ஒரு சாக்கு. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று மூன்று மாதம் நடந்தால் சிகிச்சைக்குப் பின் வருகிற அந்தக் களைப்பும், மனச்சோர்வும், பதற்றமும் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். லெட்ரோசோல் சாப்பிடுகிறவர்கள் காலையில் எழுந்ததும் கை விரலை மடக்க முடியவில்லை, முட்டி பிடிக்கிறது என்பார்கள். உங்களுக்கும் இருந்தால் அதற்கும் உடற்பயிற்சியே நல்லது. அக்டோபர் முடிந்த பிறகும் மைதானம் அங்கேயேதான் இருக்கும்.

செயற்கை மார்பு மேலே ஏறுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதை வெளிப்படையாகக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாதிப் பேர் இந்த ஒரு காரணத்துக்காகவே நடையை நிறுத்திவிடுகிறார்கள், கேட்டால் முட்டி வலி என்பார்கள். சிலிகான் மார்பு கனமானது, வேர்த்தால் வழுக்கும். நடக்கும்போது அதை வைக்க வேண்டாம். பஞ்சு வைத்தோ பருத்தி நூலில் பின்னியோ செய்த லேசான மார்பு கிடைக்கிறது. அதையும் வெறும் பிராவுக்குள் செருகாமல், உள்ளே துணிப்பை தைத்த பிராவில் வையுங்கள். ஏற்கெனவே இருக்கிற பிராவில் உள்பக்கம் பருத்தித் துணியை அரைவட்டமாக வெட்டித் தைத்தால் போதும், தெருமுனைத் தையல்காரியே செய்துதருவார். பஞ்சு மார்பு எடையே இல்லாததால்தான் மேலே ஏறுகிறது என்றால் உள்ளே சின்னதாக எடை வைத்துத் தைக்கலாம். கதிர்வீச்சு பட்ட தோலில் உரசினால் சிவக்கும், தையல் மடிப்பு அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் வைக்காமல், தொளதொள சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களும் உண்டு. அவர்கள் கொடுக்கும் டி-ஷர்ட்டை ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்குங்கள், கைப்பகுதி இறுக்காது.

சரி, மேடை.

நான் ஒருமுறை எங்கள் நோயாளிகள் ஆறு பேரோடு இப்படி ஒரு நடைக்குப் போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வந்து சேர ஏழேகால் ஆனது. ஆறு பேரும் முழுத் தூரமும் நடந்தார்கள், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகு “மீண்டு வந்த வீராங்கனைகள்” என்று மேடைக்குக் கீழே வரிசையாக நிற்கவைத்தார்கள். நாற்காலி இல்லை. வெயில் நேராக முகத்தில். ஒவ்வொருவராகப் பேசி முடிக்க முக்கால் மணி நேரம். எங்கள் கூட்டத்தில் பூ விற்கிற ஓர் அம்மா, கீமோ முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டார். நடந்ததில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நிற்கவைத்ததில்தான் மயக்கம் வந்தது. கண் திறந்ததும், “மெடலைக் கொடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். அவருக்கு அது வேண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கும் அவருக்கு இருந்த ஆசைக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. மெடலை வாங்கி நானே அவர் கழுத்தில் போட்டேன்.

அதனால் மேடை ஏறுங்கள் என்றோ ஏறாதீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். நடப்பது ஒரு காரியம், மேடை ஏறுவது வேறு காரியம். முதலாவதுக்குச் சரி என்றால் இரண்டாவதுக்கும் சரி என்று ஆகாது. இதை உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் அன்பினால்தான் செய்தாள், அதில் சந்தேகமில்லை. போன வருடம் முழுக்க உங்கள் உடம்பைப் பற்றி மற்றவர்கள்தான் முடிவெடுத்தார்கள், எடுக்க வேண்டியும் இருந்தது. இப்போது ஓர் உடற்பயிற்சிக்குக்கூட உங்களைக் கேட்காமல் பெயர் கொடுத்தால் எப்படி? கோபப்படாமல், ஆனால் சொல்லிவிடுங்கள். பதிவுப் படிவத்தில் ‘நோயிலிருந்து மீண்டவர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாளா என்றும் கேளுங்கள். பல நடைகளில் அப்படி டிக் போட்டால் வேறு நிற டி-ஷர்ட் வரும், மேடைப் பட்டியலில் பெயர் சேரும். வேண்டாமென்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். புகைப்படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போட அனுமதி கேட்டு அதே படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதையும் படியுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதை வெறும் வெட்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வரன் பார்க்கிற வீட்டில், ‘அம்மாவுக்கு கேன்சராமே’ என்ற பேச்சு என்ன செய்யும் என்பதை எங்கள் அறையிலேயே எத்தனையோ தாய்மார்கள் அழுது சொல்லியிருக்கிறார்கள். அவர் பயப்படுவது நிஜமான ஒன்றைப் பார்த்துத்தான். ஆனால் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லலாம். மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. உங்களுக்கு 50 வயதை ஒட்டி வந்திருப்பதால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அந்தப் பரிசோதனை முதலில் உங்களுக்குத்தான் செய்ய வேண்டும், மகளுக்கு இல்லை. இரண்டாவது, பிங்க் சட்டை போட்ட அவ்வளவு பெரிய கூட்டத்தில் மகளோடு நடந்து போகிற ஓர் அம்மாவைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை. முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயிற்சி நாட்களிலேயே கூட நடக்கச் சொல்லுங்கள். வாதாடி அவர் மனதை மாற்றுவதைவிட, பள்ளி மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு கூட வரவைப்பது சுலபம்.

யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்டீர்கள். அந்த 600 ரூபாய் எங்கே போகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. டி-ஷர்ட், மெடல், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் போக மீதி என்ன, அது எந்த மருத்துவமனைக்கு அல்லது எந்த அறக்கட்டளைக்குப் போகிறது, போன வருடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மகளை ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் ஒரு நாளில் பதில் சொல்வார்கள். “விழிப்புணர்வுக்காக” என்று மட்டும் பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் நன்கொடை கொடுக்க நினைத்தால் நேரடியாக மருத்துவமனைக்கே கொடுத்து வருமான வரிச்சலுகைக்கான ரசீது வாங்கிக்கொள்ளலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது.

மார்பகப் புற்றுநோய்க்கு அடையாளமாகக் குத்திக்கொள்கிற இந்த பிங்க் ரிப்பனுக்கே ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற அம்மா தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் எல்லாருக்கும் மார்பகப் புற்றுநோய். அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் தடுப்புக்கு ஐந்து சதவீதம்தான் போகிறது என்று அட்டையில் எழுதி, ஐந்து ஐந்து ரிப்பனாகச் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தார். 1992-இல் ஒரு பத்திரிகையும் ஓர் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டன. வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தைப் பிங்காக மாற்றிக்கொண்டார்கள். ஆக, பணம் எங்கே போகிறது என்று கேட்பது அந்த ரிப்பனோடு கூடப் பிறந்த கேள்வி. நீங்கள் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் நல்ல உதாரணமும் இருக்கிறது. நீங்கள் நடக்கப்போகிற கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் ஊராரிடம் நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது.

விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேலி செய்துவிட்டேன், ஆனால் அதில் சத்து இல்லாமல் இல்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் புதிதாக ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை மதிப்பிட்டிருக்கிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்தது. மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே கிடையாது. அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2021-இல் முடிவு வெளியானபோது, அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இந்த நோயால் சாவது, மற்ற பாதியைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிடச் சின்ன வயதுக்காரர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். உங்கள் ஆசிரியர் அறையில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? ஒரு சனிக்கிழமை அவர்களோடு கிளம்பிப் போங்கள். கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்வதைவிட, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற நீங்கள் சொன்னால் வருவார்கள். உங்கள் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை.

கடைசியாக அந்த ஒரு நாளுக்கு. செங்கல்பட்டிலிருந்து அதிகாலையில் கிளம்பி வராதீர்கள், தூக்கமும் போகும், கால் மடக்கி உட்கார்ந்து வருவதில் பாதமும் உப்பும். சனிக்கிழமை ராத்திரியே மகளிடம் தங்குங்கள். இட்லி இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறு வேண்டாம். பாதியில் திரும்புகிற இடம் எது, ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று மகளுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். மூன்றாவது கிலோமீட்டரில் போதும் என்று தோன்றினால் நடைமேடையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருங்கள். அக்டோபர் கடைசி என்றால் மழைக்காலம் தொடங்கிவிடும். கொட்டினால் போக வேண்டாம். நனைந்த ஷூவும் மரத்த பாதமும் சேரக் கூடாது. மெடல் அவள் வாங்கிக்கொண்டு வரட்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சில் பிடித்தாலோ, மூச்சு வாங்குவது நிற்காமல் இருந்தாலோ அங்கேயே ஆம்புலன்ஸிடம் போங்கள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வலது கையில் வளையலைப் போட்டுப் பாருங்கள். எப்போதும் போல ஏறினால் சரி. சோப்பு கேட்டால் டேப்பை எடுத்து அளந்து, நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால் அன்று சாயங்காலமே பிசியோவிடம் போய்விடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடித்தால் சாயங்காலம் வரை காத்திருக்காமல், பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.